சரிபார்க்கும் கடமை யாருடையது? காஞ்சிபுரத்தில் பணப்பரிமாற்ற மோசடியும் நுகர்வோர் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பட்டு நெசவாலும் கோயில்களாலும் அறியப்படும் காஞ்சிபுரம், பணமும் பண்டமும் கைமாறும்போது நிகழும் ஏமாற்றத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடுகளில் நீண்ட பட்டறிவு உடைய நகரம். சோழர்காலப் பொன்வாரியம், கச்சிப்பேட்டு நெசவாளரின் கோயில் நிதி மேலாண்மை, 1904-இல் பதிவான கூட்டுறவுக் கடன் சங்கம், சரிகைத் தரக்கட்டுப்பாடு, புவிசார் குறியீடு ஆகியவை இப்பட்டறிவின் சான்றுகள். இந்நகரில்தான் 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. நலத்தொகை நேரடியாக வங்கிக் கணக்கிற்குச் செல்லும் இக்காலத்தில், மோசடியைக் கண்டறியும் சுமை யார்மீது விழுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சோதிக்கும் கருவியை வைத்திருப்பவரே சோதனைக்குப் பொறுப்பேற்ற ஏற்பாடுகள் எளிய மக்களைக் காத்தன என்பதும், இன்றைய மின்னணு முறையில் அப்பொறுப்பின் பெரும்பகுதி கருவி ஏதும் இல்லாத பயனாளியின்மீது நகர்ந்துள்ளது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், நுகர்வோர் பாதுகாப்பு, பணப்பரிமாற்ற மோசடி, நலத்திட்டங்கள், பொன்வாரியம், சரிகை, மகளிர் உரிமைத் தொகை, ஒருமுறைக் கடவுச்சொல்.

முன்னுரை

நுகர்வோர் பாதுகாப்பு குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கி, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிகின்றன. பண்டத்தின் தரம், விலை, எடை, அளவு ஆகியவற்றை மையப்படுத்தும் இந்நோக்கில் பணம் செலுத்தும் வழி தனிப்பொருளாகக் கருதப்படுவதில்லை. காசு கையிலிருந்து கைக்கு மாறிய காலத்தில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. ஊதியம், ஓய்வூதியம், உதவித்தொகை, கடை வரவு ஆகிய அனைத்தும் கைபேசியின் வழியே செல்லும் இன்று, பணம் செல்லும் வழியே ஒருவரின் வாழ்வாதாரத்தைப் பறிக்கும் இடமாகவும் ஆகியுள்ளது.

நல அரசு என்னும் கருத்தாக்கமும் இவ்விடத்தில் மறுபார்வைக்கு உரியது. தொகையை ஒதுக்குவதும், பயனாளியைத் தேர்வதும், கணக்கில் வரவு வைப்பதும் அரசின் கடமை எனக் கொள்ளப்படுகின்றன. வரவு வைக்கப்பட்ட தொகை உரியவரின் கையில் தங்குகிறதா என்பது அக்கடமையின் எல்லைக்குள் அடங்குமா என்ற வினாவிற்குத் தெளிவான விடை இல்லை. காஞ்சிபுரத்தின் வரலாற்றிலிருந்து இவ்வினாவை அணுகுவதற்குக் காரணம் உண்டு. பொன்னும் வெள்ளியும் பட்டும் கலந்த ஒரு பண்டத்தை நெய்யும் நகரில், கண்ணால் மட்டும் உண்மையை அறிய இயலாது என்பது தொழிலின் அடிப்படை அறிவு. ஆகவே சோதனையை யார் செய்வது, தவறு நேர்ந்தால் யார் ஈடுசெய்வது என்னும் வினாக்கள் இங்குப் பலமுறை எழுந்து, பலவகையில் விடை கண்டுள்ளன.

1. உத்திரமேரூர்ப் பொன்வாரியமும் கச்சிப்பேட்டு நெசவாளரும்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரின் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. நிதி நோக்கில் காணும்போது அவற்றில் இரண்டு செய்திகள் முதன்மை பெறுகின்றன. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியம் என்றொரு குழுவும் அமைக்கப்பட்டது என்பது முதற்செய்தி. முன்னர் வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விதிக்கப்பட்டது இரண்டாவது செய்தி. நிதிப்பொறுப்பில் தவறியவர் தம் குடும்பத்தின் தகுதியையும் இழந்தார்.

அவ்வூரின் மற்றொரு கல்வெட்டு, ஊரார் கொடுத்து வாங்கும் பொன்னை மாற்றுப் பார்ப்பவர்களுக்கான நெறிமுறையை வகுக்கிறது. ஊரின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்தவர்களிலிருந்து பொன் காண்பதில் தேர்ந்தவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். உரைகல்லில் படிந்த பொன்துகளை ஒற்றியெடுத்த மெழுகை அவர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். குறைவின்றிப் பொன் காண்போம் என அவர்கள் உறுதி கூற வேண்டியிருந்தது. உரைகல்லில் ஒருமுறை கூடுதலாகத் தேய்த்தாலும் பொன் குறையும். அக்குறைவை உடையவர் உணரமாட்டார். நூற்றுக்கணக்கானோரிடமிருந்து துகள் அளவில் திரட்டப்படும் பொன் சோதிப்பவருக்குச் செல்வமாகும். இந்நுட்பமான திருட்டு வழியை அறிந்தே சபை மெழுகின்மீது விதி இயற்றியது. பொன் கொண்டுவரும் ஊரார் உரைகல்லின் நுட்பத்தைக் கற்றிருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கவில்லை.

காஞ்சி நகரத்திற்குள் இதற்கு இணையான சான்றாக உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள் அமைகின்றன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த இச்செப்பேடுகள் கச்சிப்பேட்டின் ஊரகத்துத் திருமால் கோயிலின் வருவாயைப் பற்றிக் கூறுகின்றன. நகரில் பண்டங்களை நிறுப்பதற்கும் அளப்பதற்கும் பெறப்பட்ட கோல்நிறைகூலியும் கால்அளவுகூலியும் அக்கோயிலுக்கு உரியவை. கோயிலின் பொன் நகரின் குடியிருப்புகளில் வட்டிக்கு வைக்கப்பட்டது. அந்நிதியையும் கோயில் செலவையும் கவனிக்கும் பொறுப்பு நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கு ஆண்டுதோறும் பார்வையிடப்பட வேண்டும் என்பதும் விதியாயிற்று. நிறைகோலும் அளவையும் பொது நிறுவனத்தின் பார்வையில் இருந்தன. நிறுவனத்தின் கணக்கு நகரத்தின் பார்வையில் இருந்தது.

இவ்வேற்பாடுகளை மிகைப்படுத்துவது பொருந்தாது. உத்திரமேரூர்ச் சபை, வேதக்கல்வியும் நிலவுடைமையும் பெற்ற ஆடவர்க்கு மட்டுமே உறுப்புரிமை அளித்த பிரமதேயச் சபை. நிலமற்ற உழவரும் பெண்களும் அதன் பாதுகாப்பை எந்த அளவு பெற்றனர் என்பதற்குக் கல்வெட்டு விடை தருவதில்லை. எனினும் ஏற்பாட்டின் அமைப்பு கருதத்தக்கது. கருவி யார் கையில் இருந்ததோ அவர்மீதே கட்டுப்பாடும் உறுதிமொழியும் கணக்கு ஒப்புவிக்கும் கடமையும் சுமத்தப்பட்டன.

2. முன்பணமும் கூட்டுறவும்

இருபதாம் நூற்றாண்டுக் காஞ்சிபுரத்தில் இச்சிக்கல் கடன் வடிவில் வெளிப்பட்டது. பட்டு நூலையும் சரிகையையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் முதலாளியிடம் நெசவாளர் முன்பணம் பெறுவது தொழிலின் வழக்கம். முன்பணக் கணக்கு முதலாளியின் ஏட்டில் இருந்தது. கூலியில் எவ்வளவு பிடிக்கப்பட்டது, எவ்வளவு எஞ்சியது என்பதைத் தறியில் இருப்பவர் சரிபார்க்க வழி இல்லை. கொடுத்த பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றின் எடைக்கும் நெய்து கொடுத்த சேலையின் எடைக்கும் இடையிலான வேறுபாடும் நெசவாளரின் கணக்கிலேயே எழுதப்பட்டது. முன்பணத்தை அடைக்க இயலாத குடும்பங்களின் சிறார் தறிக்குழியில் அமர்ந்தனர். எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவரேயாகும்போது கடன் எவ்வாறு பிணையாக மாறுகிறது என்பதற்கு இது சான்று.

இதற்கு மாற்றான முயற்சிகளிலும் காஞ்சிபுரம் முன்னின்றது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வாண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில்தான் பதிவு பெற்றது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் எனப் பின்னர் அறியப்பட்ட மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. விடுதலைக்குப் பின் காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு உறுப்பினரின் பார்வைக்கு உரியது. அரசுத் தணிக்கைக்கு உட்பட்டது. சங்கங்களிலும் முறைகேடுகள் நிகழ்ந்தன; நெசவாளரில் பெரும்பகுதியினர் சங்கத்திற்கு வெளியேயும் இருந்தனர். ஆயினும் கணக்கேட்டை எழுதுபவர் மூன்றாம் தரப்பிற்கு விடையளிக்க வேண்டும் என்ற நெறி மீண்டும் நிலைபெற்றது.

கைத்தறியின் துயரம் அரசியலிலும் ஒலித்தது. 1953-இல் கைத்தறி நெருக்கடியின்போது திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்கள் துணிகளைத் தோளில் சுமந்து தெருக்களில் விற்றனர். அவ்வியக்கத்தின் தலைவரான சி.என். அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பின்னாளில் தமிழகம் மேற்கொண்ட நலத்திட்ட அரசியலுக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு இதனால் வெறும் அடையாள உறவன்று.

3. சரிகையின் தரமும் வாங்குவோரின் நம்பிக்கையும்

காஞ்சிபுரம் பட்டுச்சேலையின் விலையில் பெரும்பங்கு சரிகையைச் சார்ந்தது. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன்முலாம் பூசுவது தூய சரிகை. செம்புக் கம்பியாலும் செயற்கை இழையாலும் ஆன போலிச் சரிகை புதிதாக இருக்கும்போது அதே ஒளியைத் தரும். வேறுபாடு சில ஆண்டுகள் கழித்துச் சேலை கறுக்கும்போதே தெரியவரும். அதற்குள் விற்றவரைத் தேடிப் பிடிப்பது அரிது. சரிகையைச் சுரண்டினால் சிவந்த பட்டிழை தெரிய வேண்டும், நூலை எரித்தால் மயிர் கருகும் நாற்றம் எழ வேண்டும் என்பன போன்ற வீட்டுச் சோதனைகள் மக்களிடையே வழங்குகின்றன. திருமணத்திற்கு வாங்கும் சேலையை எவரும் எரித்துப் பார்ப்பதில்லை. எனவே இச்சோதனைகள் பாதுகாப்பைவிட ஆறுதலையே தருகின்றன எனலாம்.

இந்நிலையில் சோதனையை நிறுவனமாக்கும் முயற்சிகள் தொடங்கின. 1971-இல் தமிழ்நாடு ஜரி நிறுவனம் காஞ்சிபுரத்தில் நிறுவப்பட்டது. பொன், வெள்ளி, செம்பு, பட்டு ஆகியவற்றின் விழுக்காட்டை வரையறுத்துச் சரிகையை உற்பத்தி செய்து கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்குவது அதன் பணி. 2004-இல் மத்திய பட்டு வாரியம் பட்டுத் தரச் சின்னத்தை அறிமுகப்படுத்தியது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீடுகள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தபின், காஞ்சிபுரம் பட்டு 2005–06-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துவோர்க்குச் சிறைத்தண்டனையும் தண்டத்தொகையும் அச்சட்டத்தில் உண்டு.

இவ்வேற்பாடுகளில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. வாங்குபவர் உலோகவியல் அறிந்திருக்க வேண்டியதில்லை. சின்னத்தை இடுபவரே அதன் உண்மைக்குப் பொறுப்பாளர். சின்னம் பொய்யானால் வழக்கும் அவர்மீதே. உரைகல் மெழுகின்மீது உத்திரமேரூர் சபை இயற்றிய விதியின் அதே தருக்கம் இங்குச் செயல்படுவதைக் காணலாம். இரண்டுக்கும் இடையே தொடர்ச்சியான நிறுவன வரலாறு உண்டு என்பது இதன் பொருளன்று. ஒரே வகையான சிக்கலுக்கு வெவ்வேறு காலங்கள் ஒத்த விடையை அடைந்துள்ளன என்பதே கருத்து.

4. அஞ்சல்காரரிடமிருந்து வங்கிக் கணக்கிற்கு

பண்டத்தில் நிலைபெற்ற இந்நெறி, பணம் சென்றடையும் வழியில் நிலைபெற்றதா என்பது அடுத்த வினா. சென்னை மாநிலத்தில் 1962-இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. தொகை பணவிடை வழியாக வீட்டு வாசலுக்கு வந்தது. அஞ்சல்காரர் பெறுநரை நேரில் அறிந்தவர். கையொப்பமோ பெருவிரல் பதிவோ சாட்சியின் முன் பெறப்பட்டது. அதில் ஒரு பகுதி அன்பளிப்பாக அஞ்சல்காரரிடம் நின்றுவிடுவது ஊரறிந்த குறை. ஆயினும் அக்குறைக்கு ஒரு முகம் இருந்தது; பெயர் இருந்தது; மேலிடத்தில் முறையிட ஒரு அலுவலகமும் இருந்தது.

பிரித்தானிய நல அரசிலும் இதே கட்டம் இருந்தது. பெவரிட்ஜ் அறிக்கை 1942-இல் வெளியானது. அதன் வழிவந்த குடும்பப்படிச் சட்டம் 1945-இல் நிறைவேறி, 1946 ஆகஸ்டு முதல் முதற்குழந்தை தவிர்த்த ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் ஐந்து ஷில்லிங் வழங்கப்பட்டது. தொகையைத் தந்தையிடம் வழங்குவதா தாயிடம் வழங்குவதா என்ற வாதத்தில், எலினோர் ராத்போன் முதலானோரின் முயற்சியால் தாயின் கையில் வழங்க முடிவாயிற்று. அஞ்சலக மேசையில் படிவப் புத்தகத்தைக் காட்டித் தாய் அதைப் பெற்றாள். பணம் யாருக்கு உரியது என்பது மட்டுமின்றி, யார் கையில் எவ்வழியில் சேர்கிறது என்பதும் நல அரசின் கொள்கைப் பொருளாக அங்கு விவாதிக்கப்பட்டது.

இந்தியாவில் 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டம், ஆதார் இணைப்பு, கைபேசி ஆகிய மூன்றும் சேர்ந்து இவ்வழியை மாற்றின. 2016-இல் யுபிஐ பரிமாற்றம் அறிமுகமாயிற்று. இடைத்தரகர் கைவைக்கும் வாய்ப்பு பெருமளவு குறைந்தது என்பதை மறுக்க இயலாது. அதே நேரத்தில், வாசலில் நின்ற ஒரு மனிதரின் இடத்தை வங்கி, கட்டண நிறுவனம், தொலைத்தொடர்பு நிறுவனம், கைபேசிச் செயலி ஆகியவை பங்கிட்டுக்கொண்டன. தவறு நேரும்போது ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைச் சுட்டும் நிலை உருவாயிற்று.

5. உரிமைத் தொகையும் ஒருமுறைக் கடவுச்சொல்லும்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணாதுரையின் பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்றது. ஒரு கோடியே ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. உதவி என்னாமல் உரிமை எனப் பெயரிட்டது பெண்களின் ஊதியமில்லா வீட்டுழைப்பை ஏற்கும் செயல். நெசவுக் குடும்பங்களில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. பாவு புணைதல், நூல் சுற்றுதல், ஊடை இழைத்தல் ஆகிய வேலைகளைச் செய்யும் பெண்ணின் உழைப்பு, தறிக்கூலியில் தனிவரியாக எழுதப்படுவதில்லை.

திட்டத்தின் முதல் மாதத்திலேயே இரு சிக்கல்கள் எழுந்தன. முதலாவது, குறைந்தபட்ச இருப்பு வைக்காமைக்கான கட்டணத்தைச் சில வங்கிகள் உரிமைத் தொகையிலிருந்து பிடித்துக்கொண்டன. இந்திய ரிசர்வ் வங்கி 2012-இல் வகுத்த அடிப்படைச் சேமிப்புக் கணக்கிற்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ஆனால் வழக்கமான சேமிப்புக் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு அப்பாதுகாப்பு கிட்டவில்லை. மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு இப்பிடித்தத்தை ஏற்க இயலாது என வங்கிகளுக்கு அறிவுறுத்தினார்; 1100 என்ற எண்ணில் முறையிடவும் வழி செய்யப்பட்டது. இது மோசடியன்று, விதியின் வழி நிகழ்ந்த பிடித்தம். எனினும் பெறுநரின் பார்வையில் விளைவு ஒன்றே.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. உரிமைத் தொகை வந்ததா எனக் கேட்டும், கணக்கைச் சரிசெய்வதாகக் கூறியும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பெற முயலும் அழைப்புகள் குறித்து அரசு எச்சரிக்கை விடுத்தது. வங்கியிலிருந்து எவரும் அதனைக் கேட்கமாட்டார் என்றும், எவரிடமும் பகிர வேண்டாம் என்றும் அறிவுறுத்தப்பட்டது. இவ்வறிவுரை சரியானதே. ஆயினும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2023 சூலை, ஆகஸ்டு மாதங்களில் நடந்த விண்ணப்பப் பதிவு முகாம்களுக்குப் பெண்கள் கைபேசியுடன் வருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பதிவின்போது கைபேசிக்கு வரும் கடவுச்சொல்லைத் தன்னார்வலரிடம் கூறினால்தான் பதிவு முன்னேறும். எரிவளி உருளை பெறும்போதும் இத்தகைய எண்ணொன்றைச் சொல்லும் வழக்கம் நிலைபெற்றுள்ளது.

ஆகவே அரசும் நிறுவனங்களும் அன்றாடம் கேட்கும் ஒன்றையே மோசடியாளரும் கேட்கிறார். கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று பிரித்தறியும் பொறுப்பு பெறுநரிடம் விடப்பட்டுள்ளது. பல குடும்பங்களில் கணக்கு பெண்ணின் பெயரிலும், கைபேசி கணவர் அல்லது மகனின் கையிலும் இருக்கும்போது இப்பகுத்தறிதல் மேலும் கடினமாகிறது. உரைகல்லை ஊராரிடம் கொடுத்து, மாற்றுக் குறைந்தால் உன் தவறு என்று கூறுவதற்கு இது ஒப்பாகும்.

6. பட்டு வணிகத்தின் இருபுறமும்

நலத்தொகை பெறும் பெண்ணுக்கு நேர்வதே வணிகத்திலும் வேறு வடிவில் நேர்கிறது. சமூக ஊடகத்தில் காஞ்சிபுரம் பட்டு எனப் படமிட்டு, முன்பணம் பெற்றபின் மறைந்துவிடும் போலி விற்பனைப் பக்கங்கள் வாங்குவோரை ஏமாற்றுகின்றன. புவிசார் குறியீடு சேலையின் உண்மையைக் காக்கும். பணம் பெறும் கணக்கின் உண்மையைக் காக்காது. மறுபுறத்தில், பணம் செலுத்தியதாகப் போலித் திரைப்படிவத்தைக் காட்டிச் சரக்கைப் பெற்றுச் செல்வதும், கடையின் கியூஆர் குறியீட்டின்மேல் வேறொன்றை ஒட்டுவதும் இந்திய நகரங்களில் சிறுவணிகர் அறிந்த உத்திகள்.

பணம் அனுப்புவதாகக் கூறி, யுபிஐ வழியே பணம் கோரும் வேண்டுகையை அனுப்பி, பெறுவதற்காகக் கடவு எண்ணை இடுமாறு செய்வது மற்றோர் உத்தி. பணம் பெற எண்ணை இட வேண்டியதில்லை என்ற விளம்பரம் பல ஆண்டுகள் செய்யப்பட்டது. இறுதியில் இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், தனியாள் ஒருவர் மற்றொரு தனியாளிடம் அவ்வாறு வேண்டுகை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. கோடிக்கணக்கானோர்க்கு எச்சரிக்கை கற்பிப்பதைவிட, ஏமாற்றுக்கு இடந்தரும் வாயிலை அடைப்பது பயனளிக்கும் என்பதை இம்முடிவு ஒப்புக்கொள்கிறது. இது மெழுகின்மீது விதி இயற்றிய முறையோடு ஒத்தது.

7. சட்டம் வகுக்கும் எல்லை

இந்திய ரிசர்வ் வங்கி 2017 சூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நிகழும் மின்னணுப் பரிமாற்றங்களில் அவருடைய இழப்புப் பொறுப்பை வரையறுத்தது. கூட்டுறவு வங்கிகளுக்கு அதே ஆண்டு திசம்பரில் இந்நெறி விரிவுபடுத்தப்பட்டது. குற்றம் வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இன்றி மூன்றாம் தரப்பின் ஊடுருவலால் நிகழ்ந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் தெரிவித்தால், அடிப்படைச் சேமிப்புக் கணக்கினரின் பொறுப்பு ஒரு பரிமாற்றத்திற்கு 5000 ரூபாயைத் தாண்டாது. புகார் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் வங்கி அத்தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் கடமையும் வங்கியினுடையதே. இவ்விறுதி விதி இந்திய நுகர்வோர் சட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

ஆனால் கடவுச்சொல்லைப் பகிர்தல் போன்ற கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் வாடிக்கையாளருடையது. இன்றைய மோசடிகளில் பெரும்பாலும் திருடப்படுவது பூட்டன்று; உரியவரே திறக்குமாறு ஏமாற்றப்படுகிறார். அவர் ஏமாற்றப்பட்டதே அவருடைய கவனக்குறைவாகக் கணக்கிடப்படுகிறது. பகிர்வதை வழக்கமாக்கிய முகாம்களும் விநியோக முறைகளும் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. மேலும் 5000 ரூபாய் என்னும் உச்சவரம்பு, மாதம் 1000 ரூபாய் பெறுபவருக்கு ஐந்து மாத உரிமையாகும்.

முறையிடும் வழிகள் விரிவடைந்துள்ளன. 2019-இல் தேசிய இணையக்குற்றப் புகார் தளமும், 2021-இல் பணத்தை உடனடியாக முடக்குவதற்கான உதவி எண் அமைப்பும் உருவாயின. 1930 என்னும் எண் இன்று நாடெங்கும் வழங்குகிறது. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பரில் தொடங்கிற்று. இவை யாவும் விரைந்து செயல்படுபவர்க்குப் பயன் தருவன. தன் கணக்கில் தொகை குறைந்ததை அடுத்த மாத வரவின்போதே அறியும் முதியவருக்கு மூன்று நாள் என்னும் கால எல்லை, தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

பிரித்தானியாவின் அண்மை மாற்றம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் அங்கு நடைமுறையில் உள்ளது. உச்சவரம்பு 85,000 பவுண்டு. ஈட்டுத்தொகையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஏற்கின்றன. பெருங்கவனக்குறைவு விலக்காக இருப்பினும், முதுமை, நோய் முதலிய காரணங்களால் எளிதில் ஏமாறக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு அவ்விலக்கு பொருந்தாது. மோசடியாளருக்குக் கணக்குத் திறந்துகொடுத்த வங்கியும் இழப்பைப் பகிர்வதால், கணக்குகளைச் சோதிக்கும் ஊக்கம் அவ்வங்கிக்கு உண்டாகிறது. இத்தகைய ஈடு மக்களைப் பொறுப்பற்றவராக்கும் என்ற எதிர்வாதம் அங்கும் எழுந்தது. அவ்வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று, பொய்ப்புகார்களுக்கும் இடமுண்டு. எனினும் மாதந்தோறும் வரும் சிறுதொகையை நம்பி அரிசியும் மருந்தும் வாங்கும் ஒருவர், ஈடு கிடைக்கும் என்பதற்காக அத்தொகையை இழக்க முன்வருவார் எனக் கொள்வது இயல்பிற்கு ஒவ்வாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

காஞ்சிபுர வட்டாரத்தின் பல்வேறு காலத்து ஏற்பாடுகள், பொன்னையும் நிறையையும் கணக்கையும் சோதிக்கும் பொறுப்பைக் கருவி உடையவரிடம் ஒப்படைத்து, அவரையே கண்காணித்தன. முன்பணக் கணக்கைப் போல எழுதுபவரே சரிபார்ப்பவராக நின்ற இடங்களில் சுரண்டல் வேரூன்றியது.

பட்டுச் சின்னம், புவிசார் குறியீடு, சரிகைத் தர வரையறை ஆகியவற்றால் பண்டத்தின் உண்மைக்கு நிறுவனம் பொறுப்பேற்றது. அதே பொறுப்பு பணம் செல்லும் வழிக்கு முழுமையாக விரிவடையவில்லை. ஒரே சேலை விற்பனையில் சரிகைக்கு ஒரு நீதியும் செலுத்திய பணத்திற்கு வேறொரு நீதியும் நிலவுகின்றன.

நலத்தொகைப் பயனாளி வங்கியைத் தாமே தேர்ந்து சந்தைக்குள் வந்த நுகர்வோர் அல்லர். தொகையைப் பெறுவதற்கு வங்கிக் கணக்கும் கைபேசியும் அரசால் நிபந்தனையாக்கப்பட்டன. ஆகவே அவ்வழியில் நேரும் இழப்பில் அரசுக்கும் வங்கிக்கும் பங்குண்டு என்பது நியாயம். நலத்தொகை வரவாகும் கணக்குகள் அனைத்தையும் அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளாக மாற்றுதல், அரசு முகாம்களில் கடவுச்சொல்லை வாய்மொழியாகப் பெறும் முறையைக் கைவிடுதல், ஏமாற்றப்பட்டுச் செய்த பரிமாற்றங்களையும் 2017 நெறியின் பாதுகாப்பிற்குள் கொணர்தல், பணத்தைப் பெற்ற வங்கியையும் ஈட்டில் பங்குதாரராக்குதல் ஆகியன இதன் வழிவரும் பரிந்துரைகள்.

உரிமை என்று பெயரிடப்பட்ட தொகை கணக்கில் வரவானதோடு அரசின் கடமை முடிவதில்லை. உரியவர் அதனைச் செலவிடும் வரை அக்கடமை தொடர்கிறது.